ஆவியை விரட்டியவர்

எங்கள் வீட்டு எஸ்பிரெஸோ இயந்திரத்தில் மின்சாரப் பம்பு கிடையாது. எண்கள் மின்னும் திரையும் கிடையாது. ஒரு கொதிகலன், முன்னால் நீண்ட கைப்பிடி, உள்ளே கனத்த சுருள்வில், வில்லுக்குக் கீழே ஒரு பிஸ்டன். அவ்வளவுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய சாமானாக வாங்கியது. முதலில் புதிதாக வாங்கத்தான் தேடினேன். பொத்தானை அழுத்தினால் தானே அரைத்து, தானே வடித்து, தானே பாலை நுரைத்து, தானே கழுவியும் கொள்கிற இயந்திரங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நாள் முழுக்க மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, ஸ்பானரை எடுத்துப் பிரித்தால் முழுசாகப் புரிந்துவிடுகிற சாமான் ஒன்றாவது வீட்டில் வேண்டியிருக்கிறது. மனைவிக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவளுடைய பித்தளை ஃபில்டர் இன்றுவரை ஒருநாளும் ஒழுகியதில்லை என்பது அவள் கட்சி.

இயந்திரம் சென்ற குளிர்காலத்தில் ஒழுகிற்று. குற்றம் என்னுடையதுதான். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். சிட்ரிக் அமிலக் கரைசல் விட்டு அவ்வப்போது கழுவியிருக்க வேண்டும். கழுவவில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது சிலிகோன் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தன. அந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், இதை யோசித்த மனிதர் யார், என்ன ஆனார் என்று தேடத் தோன்றியது.

பெயர் அக்கில்லே காஜ்ஜா. (நான் வெகுகாலம் காகியா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் இத்தாலியர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் திருத்தினார்.) 1895-இல் மிலான் நகரத்தில் பிறந்தவர். பொறியாளர் அல்ல. வியாலே பிரெமூதா என்ற சாலையில் குடும்பத்துக்குச் சொந்தமான காபி பார் ஒன்று இருந்தது; அதன் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஹோட்டல் முதலாளி, கல்லாவில் உட்காராமல் காபி மாஸ்டராகவும் நின்றவர். அவரைப் படுத்திய பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். தன் கடைக் காபியில் கருகல் வாசனை வந்தது.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டூரினைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியோந்தோ 1884-இல் ஆவி கொண்டு காபி வடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிலானின் லூயிஜி பெட்ஸேரா 1901-இல் அதை ஒவ்வொரு கோப்பையாக வடிக்கும்படி மாற்றினார். அவருடைய உரிமையை தேசிதேரியோ பவோனி வாங்கி வியாபாரமாக்கினார். நெட்டுக்குத்தாக நிற்கும் உருளைக் கொதிகலன், மேலே கவிகை, சிலவற்றின் உச்சியில் சிறகு விரித்த கழுகு. பார்க்க கோயில் கலசம் மாதிரி இருக்கும். ஆனால் கொதிகலனின் ஆவி தள்ளித்தான் தண்ணீர் காபித் தூளுக்குள் போயாக வேண்டும். ஆவியின் அழுத்தமோ ஒன்றரை, இரண்டு பார். ஒன்றரை பார் அழுத்தத்தில் கொதிகலனுக்குள் தண்ணீர் 127 டிகிரியில் இருக்கும். நல்ல காபி இறங்க 90 டிகிரியை ஒட்டிய சூடு போதும். சரி, அழுத்தத்தை 9 பாருக்கு ஏற்றினால் என்ன? தண்ணீர் 180 டிகிரிக்குப் போய்விடும். குடிக்கத்தக்கதாக எதுவும் மிஞ்சாது. அழுத்தமும் சூடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். எங்கள் தொழிலில் இப்படிப் பின்னிக்கிடக்கும் இரண்டு விஷயங்களைப் பிரித்தெடுப்பதுதான் பாதி வேலை.

காஜ்ஜா செய்தது அந்தக் கயிற்றை அறுத்ததுதான். கொதிகலன் தண்ணீரைச் சூடாக்கட்டும்; தள்ளுகிற வேலையைப் பிஸ்டன் பார்க்கட்டும். 1938 செப்டம்பரில் இதற்குக் காப்புரிமைக்கு மனுப் போட்டார். லாம்போ என்று பெயர், மின்னல் என்று அர்த்தம். அதில் வில் கிடையாது. திருகாணியைத் திருகுவதுபோலக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பிஸ்டனை இறக்க வேண்டும். காலையில் வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு ஒருவர் இப்படித் திருகிக்கொண்டே இருந்தால் மத்தியானத்துக்குள் தோள் கழன்றுவிடும்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பிஸ்டன் யோசனை முழுக்க காஜ்ஜாவுடையது அல்ல. கிரெமோனேஸே என்ற தொழில்நுட்பக்காரர் அதற்கு முன்பே திருகுப் பிஸ்டன் ஒன்றை வடிவமைத்திருந்தார். அவர் இறந்துபோக, விதவையான ரொசெட்டா ஸ்கோர்ஸாவிடமிருந்து காஜ்ஜா உரிமையை வாங்கிக்கொண்டார். திருட்டு இல்லை, முறையான விலைக்கு வாங்கியதுதான். ட்ரியெஸ்தெ நகரத்தின் பிரான்செஸ்கோ இல்லியும் 1935-இலேயே ஆவியை ஒதுக்கிவிட்டு அழுத்தப்பட்ட காற்றால் தண்ணீரைத் தள்ளிப் பார்த்திருந்தார். நாங்கள் நிரல் எழுதும்போது யார் எந்த வரியை எழுதினார்கள் என்பது பதிவாகிக்கொண்டே வரும். பத்து வருஷம் கழித்தும் தோண்டி எடுக்கலாம். இயந்திரத்தின் முகப்புத் தகட்டில் ஒரு பெயருக்குத்தான் இடம்.

பிறகு போர். இத்தாலியில் காபிக்கொட்டையே அரிதாகிப்போன வருஷங்கள் அவை. காஜ்ஜா அதற்குள் கைப்பிடியின் களைப்புக்கு விடை தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். 1947-இல் அடுத்த காப்புரிமை வந்தது. கைப்பிடியைக் கீழே இழுத்தால் சுருள்வில் இறுகும். பிஸ்டன் மேலேறி, அடியில் வெந்நீர் நிறையும். கையை விட்டால் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். மனிதன் ஒருமுறை இழுத்தால் போதும், மிச்சத்தை வில் பார்த்துக்கொள்ளும். இது அமெரிக்க ராணுவ ஜீப்பின் இன்ஜினைப் பார்த்து அவருக்கு உதித்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான். ஆனால் மிலானுக்குள் ஜீப் வருவதற்கு ஏழு வருஷம் முன்பே பிஸ்டன் காகிதத்தில் ஏறிவிட்டது. ஆப்பிள் தலையில் விழுந்த கதைக்குப் பக்கத்தில் இதையும் வைத்துவிடலாம்.

ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 9 பார் அழுத்தம் தரவேண்டும் என்றால், வில் சுமக்க வேண்டியது கிட்டத்தட்ட 180 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் ஒரு குளிர். தூளை நைஸாக அரைக்காமல், அல்லது மறதியாகத் தூளே போடாமல் கைப்பிடியை இழுத்து விட்டால், தடுக்க எதுவும் இல்லாமல் அது விசையோடு மேலே சீறும். வாங்கிய புதிதில் என் தாடையை அரை அங்குலத்தில் தவறவிட்டது. அன்றிலிருந்து பக்கவாட்டில் நின்றுதான் இழுக்கிறேன். 16 கிராம் தூள், முப்பது வினாடிக்குள் 30 கிராம் காபி. அதிலும் காபி மாவு அரைக்கும் இயந்திரம் சரியில்லையென்றால் எஸ்பிரெஸோ இயந்திரம் என்ன விலையானாலும் பிரயோஜனமில்லை. வாங்க நினைக்கிறவர்கள் பாதிப் பணத்தை அதற்கு ஒதுக்கிவிடுங்கள்.

புதிய இயந்திரத்தில் வடித்த காபியின் மேல் பழுப்பாக நுரை படர்ந்தது. அத்தனை அழுத்தத்தில் காபியின் எண்ணெயும் கரியமிலவாயுவும் கலந்து வருவதால் உண்டாவது. வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. மேலே மிதக்கும் இந்த அழுக்கு என்ன என்று கேட்டார்கள். எஸ்பிரெஸோ என்றால் கறுப்பாக, தெளிவாக இருக்கும் என்று அரை நூற்றாண்டாகப் பழகியவர்கள் அவர்கள். காஜ்ஜா நுரையை நீக்க முயலவில்லை. அதற்கு கிரேமா என்று பெயர் வைத்தார். இயற்கையான காபிக் கிரேமா என்றும், ஆவி இல்லாமல் இயங்குவது என்றும் இயந்திரத்தின் மேலேயே எழுதிவைத்தார். காபி நல்லதாக இருப்பதால்தான் நுரை வருகிறது என்று சொன்னார். குறை என்று வந்த புகாரை அம்சம் என்று திருப்பிச் சொல்லும் தந்திரம் எங்கள் தொழிலிலும் உண்டு. நாங்கள் சொன்னால் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். அவர் சொன்னது நிஜம். பிஸ்டனுக்கான பெருமையைப் பலரோடு பங்கு போட்டாலும், இந்தத் துணிச்சல் அவருடையது மட்டுமே என்று எனக்குப் படுகிறது.

நம் ஊர் விஷயம் நேர்மாறு. கல்யாண வரவேற்பில் எஸ்பிரெஸோ காபி என்று தருவார்களே, பாலில் இன்ஸ்டன்ட் தூளையும் சர்க்கரையையும் போட்டு, குழாயை உள்ளே விட்டு உஸ்ஸென்று நீராவி அடித்து. காஜ்ஜா எதை விரட்டினாரோ, அதுதான் அந்தக் காபியில் எல்லாமே. சின்ன வயதில் எனக்கு அது தேவாமிர்தம். இப்போதும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

1948-இல் நிறுவனம் தொடங்கினார். முதலில் இயந்திரங்களைச் செய்து கொடுத்தவர் ஃபாயெமா நிறுவனத்தின் எர்னெஸ்தோ வாலென்தே. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. காஜ்ஜாவுக்குத் தன் இயந்திரம் உயர்தரக் கடைகளுக்கானது என்ற எண்ணம். வாலென்தேவுக்கு, விலையைக் குறைத்து எல்லாச் சின்னக் கடைக்கும் போக வேண்டும். பிரிந்தார்கள். 1952-இல் காஜ்ஜா நிறுவனம் வீட்டுக்கான கைப்பிடி இயந்திரம் ஒன்றையும் கொண்டுவந்தது. ரீட்டா ஹேவொர்த் நடித்த படத்தின் பெயரான கில்டாவையே அதற்கு வைத்தார்கள்.

அதே சமயம் அவர் பெயர் லண்டனுக்கும் வந்தது. பல் மருத்துவச் சாமான்கள் விற்க வந்த பினோ ரிசர்வாதோ என்ற இத்தாலியர், இங்கே காபி என்ற பெயரில் கொடுக்கப்பட்டதைக் குடித்துத் திகைத்து, காஜ்ஜா இயந்திரத்தை இறக்குமதி செய்ய ஆரம்பித்தார். 1953-இல் சோஹோவின் ஃப்ரித் தெரு 29-ஆம் எண்ணில் மோக்கா பார் திறந்தது. திறந்துவைத்தவர் ஜீனா லொல்லோபிரிஜிதா. இலக்கிய வாசகர்களுக்கு ஒரு கொசுறு: அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸ் 1972-இல் இந்தக் கடையில் தன்னை அவமதித்தார்கள் என்று கோபித்து, எதிரே நின்று படம் பிடித்தும் ஒலி பதிந்து போட்டும் விநோதமான ஒரு போர் நடத்தினார். அந்த வருஷமே கடை மூடப்பட்டது. ரப்பர் வளையங்கள் தபாலில் வரக் காத்திருந்த வாரத்தில் ஒருநாள் அந்தத் தெருவுக்குப் போய் எதிர்ச்சாரியில் சிறிது நேரம் நின்றேன். நான் எந்திரம் எதையும் ஓடவிடவில்லை.

1961-இல் வாலென்தே மின்சாரப் பம்பு வைத்த ஈ-61 இயந்திரத்தை வெளியிட்டார். அந்த ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வைத்து அந்தப் பெயர். இழுக்க வேண்டாம், வில் வேண்டாம், பம்பு ஒரே சீராக அழுத்திக்கொண்டே இருக்கும். கடைகளில் கைப்பிடியின் காலம் இறங்க ஆரம்பித்தது. அக்கில்லே காஜ்ஜா காலமானதும் அதே 1961-இல்தான். நிறுவனம் பின்னாளில் 1999-இல் சாயெகோவிடமும், 2009-இல் அதனோடு சேர்ந்து பிலிப்ஸிடமும் போயிற்று.

வளையங்கள் வந்தன. வெந்நீரில் ஊறவைத்து, கிரீஸ் தடவி, உதடு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி கவனமாக மாட்டி (முதல் தடவை தலைகீழாக மாட்டிவிட்டேன்), வில்லை இறுக்கிப் பூட்டினேன். முதல் இரண்டு கோப்பையிலும் ரப்பர் வாசனை, தொட்டியில் கொட்டினேன். மூன்றாவதில் பழுப்பு நுரை படர்ந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, அமிலம் விட்டுக் கழுவ வேண்டிய தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைக்கச் சொன்னாள்.