காசு படித்த வண்ணக்கர்

பழங்காசு சேர்ப்போரைக் கண்டு நகைப்பவர் நம்மிடையே பலர். வழங்காத செம்பும் ஈயமும் எதற்கு உதவும் என்பது அவர்தம் வினா. அவ்வினா எழும்போதெல்லாம் நான் ஜேம்ஸ் பிரின்செப் என்பாரின் வாழ்வையே விடையாக எடுத்துரைப்பது வழக்கம். காசின் மாற்றுப் பார்ப்போரைப் பண்டைத் தமிழர் வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர் சிலர் பெயரோடு அச்சொல் இணைந்து நிற்கிறது. மட்டக்களப்புக் கோவில்களில் அது இன்றும் ஒரு பதவிப் பெயராய் வழங்குகிறது. பிரின்செப்பும் தொழிலால் ஒரு வண்ணக்கரே.

அவர் 1799 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்தார். தந்தையார் ஜோன் பிரின்செப் வங்காளத்தில் அவுரித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டியவர். கம்பெனியாருக்குச் செப்புக் காசு அடித்துக் கொடுத்தவருமாவார். மைந்தர் முதலிற் பயின்றது கட்டடக் கலை. கண்ணோய் குறுக்கிடவே அதனைக் கைவிட்டு, இலண்டன் அக்கசாலையில் மாற்றுப் பார்க்கும் தொழிலைக் கற்றார். வரைபடத்திற்கு ஆகாதெனக் கருதப்பட்ட அந்தக் கண்களே பின்னாளில் நெடுங்காலம் மறைந்து கிடந்த எழுத்தைக் கண்டுகொண்டன.

1819 இல் கல்கத்தாவை அடைந்த அவர், அடுத்த ஆண்டு காசி அக்கசாலைக்கு அனுப்பப்பட்டார். 1830 இல் அது மூடப்படும்வரை அங்கேயே பணி புரிந்தார். அந்நகரை அளந்து படம் வரைந்ததும், கழிவுநீர் செல்லச் சுரங்கம் அமைத்ததும் அவருடைய ஓய்வு நேரப் பணிகள். கிரெயின் எடையில் மூவாயிரத்தில் ஒரு பங்கையும் காட்டவல்ல தராசொன்றையும் ஆக்கினார். 1832 இல் கல்கத்தா அக்கசாலையின் தலைமை மாற்றுப் பரிசோதகரானார். ஆசியக் கழகத்தின் செயலாளர் பொறுப்பும், அதன் சஞ்சிகையை நடத்தும் வேலையும் அவரையே சேர்ந்தன.

அக்கசாலை பழங்காசுக்கு நண்பன் அன்று. அங்கே வரும் பழங்காசு, பொன்னாயினும் வெள்ளியாயினும், எடை போடப்பட்டு மூசையில் உருகிப் புதுக்காசாய் வெளிவரும். மன்னன் பெயரும் முகமும் அத்துடன் அழியும். மூசையின் அருகிலேயே நாளெல்லாம் நின்ற இவர், காசின் எடையை மட்டும் பாராமல் அதன் முகத்தையும் பார்த்தார். இதனையே நான் அவரது பெருமையின் தொடக்கமாகக் கொள்வேன்.

பஞ்சாப்பில் இரஞ்சித் சிங்கின் படையிற் பணியாற்றிய வெந்துரா, கோர்ட் ஆகிய தளபதியரும், காபூலுக்கு வடக்கே பெக்ராம் வெளியிற் காசு திரட்டிய சார்ல்ஸ் மாசனும் தாம் கண்டவற்றைத் தெரிவித்தனர். பிரின்செப் காசுகளைத் தம் கையாலேயே படமாக வரைந்தார். எவர் கண்டெடுத்தது, எங்கே கிடைத்தது என்பவற்றோடு சஞ்சிகையில் வெளியிட்டார். ஒருவர் பெட்டியில் இருந்த காசு அவ்வாறு எல்லார்க்கும் உரியதாயிற்று.

அக்காசுகள் சிலவற்றில் ஒருபுறம் கிரேக்க எழுத்து. மறுபுறம் அறியா எழுத்து. இருபுறத்தும் ஒரே மன்னன் பெயர் இருத்தல் வேண்டும் என்பதை மாசன் முதலில் உணர்த்தினார். அவ்வழியே சென்று பிரின்செப் கரோஷ்டி எழுத்துகள் பலவற்றை இனங்கண்டார். 1837 இல் சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்து பல சிறு வரிகளின் படிகள் கிடைத்தன. பெரும்பாலான வரிகள் ஒரே எழுத்துகளால் முடிந்தன. பக்தர் ஈந்த கற்களாதலின் அச்சொல் தானம் என்பதாகலாம் என்று அவர் துணிந்தார். அதற்கு முன்னின்ற எழுத்து, சௌராட்டிரக் காசுகளில் அவர் கண்டிருந்த ஆறாம் வேற்றுமை உருபாகிய ஸகரம். பின்னர்ச் சில வாரங்களுக்குள் டில்லித் தூணும் படிக்கப்பட்டது. கமலாகாந்தர் முதலிய பண்டிதர் உதவியும் இதிற் சேர்ந்தது.

தூணில் இருந்த பெயரோ தேவனாம்பிய பியதசி. அவன் யாவன்? இலங்கை வேந்தன் தேவநம்பிய தீசனே என்று பிரின்செப் முதலில் எண்ணினார். அப்போது நம் நாட்டிலிருந்து விடை சென்றது. பிரின்செப் பிறந்த அதே 1799 இல் இலங்கையிற் பிறந்து இங்கேயே அரசாங்க உத்தியோகம் பார்த்த ஜோர்ஜ் டேர்னர், பாளி நூலாகிய தீபவம்சத்தைக் கொண்டு பியதசி என்பான் அசோகனே எனக் காட்டினார். டில்லித் தூணின் கல்லுக்கு ஈழத்து ஏடு உரையாசிரியனாயிற்று. நம் நாட்டுக் குகைகளிலும் பாண்டி நாட்டுக் குன்றுகளிலும் உள்ள பழைய பிராமிச் சாசனங்களைப் பின்வந்தோர் படித்ததற்கும் இதுவே வாயில்.

அளவிறந்த உழைப்பு அவர் உடலை வாட்டியது. ஓயாத தலைவலியுடன் 1838 இற் கப்பலேறியவர், 1840 ஏப்பிரல் 22 ஆந் திகதி இலண்டனில் மறைந்தார். வயது நாற்பது. டேர்னரும் 1843 இல் மறைந்தார். பிரின்செப்பின் காசுகளை 1847 இற் பிரித்தானிய அரும்பொருட்சாலை விலைக்கு வாங்கிற்று. அம்மண்ணின் காசுகள் அங்ஙனம் கடல் கடந்தமை எனக்கு உவப்பன்று. ஆயினும், அவர் வரைந்த படங்களும் குறித்த குறிப்புகளும் எந்நாட்டாருக்கும் எட்டுவன என்பதை மறத்தலும் முறையன்று.

எத்தனை காசு வைத்திருக்கிறாய் என்று மாணவரைக் கேட்பது சிறுமை. அது எந்த வயலில், எந்தக் கிணறு தோண்டுகையில் கிடைத்தது, அதிலுள்ள எழுத்து யாது எனக் கேட்போமாக. நந்தி பொறித்த யாழ்ப்பாணத்துச் சேதுக் காசொன்று கிடைப்பினும், இடமும் நாளும் குறித்து வைக்கும் பிள்ளை வரலாற்றுக்குத் தொண்டு செய்கிறான். குறிப்பின்றிப் பூட்டி வைத்த காசு, மூசையில் இட்ட காசிலும் பெரிதும் வேறன்று.