மாடிப்படியில் பின்புறமாக இறங்கிய மனிதர்

1862-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் 65 வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். உயரம் 5 அடி 5 அங்குலம்; எடை 202 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 92 கிலோ. குனிந்து தம் காலணிக் கயிற்றைக் கட்ட அவரால் முடியவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது முழங்காலிலும் கணுக்காலிலும் பாரம் விழாமலிருக்க, ஏணியில் இறங்குவதுபோல் பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்குவார். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். போதாக்குறைக்குக் காதும் மந்தமாகிக்கொண்டே வந்தது.

அவர் பெயர் வில்லியம் பேண்டிங். ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தால், சிலாங்கூரில் இருக்கும் நம் பந்திங் பட்டணத்தின் பெயரும் இவர் பெயரும் ஒன்றுதான். ஆனால் இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணக்கியல் படிக்கும் மாணவி. விருப்பப் பாடமாக எடுத்த உணவியல் வகுப்பில்தான் இவர் பெயரை முதலில் கேள்விப்பட்டேன். ஊர்ப் பெயர் என்று நினைத்துக் கேட்கத் தொடங்கிய எனக்கு, இவர் வாழ்க்கை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லவேண்டிய கதையாகத் தோன்றியது.

பேண்டிங் 1796-இல் பிறந்தவர். இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்வது அவருடைய குடும்பத் தொழில். சவப்பெட்டி தயாரிப்பதிலிருந்து ஊர்வலம் நடத்தி முடிப்பது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் இருந்த அந்த நிறுவனம் அரச குடும்பத்துக்கே பணி செய்தது. 1820-இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ், 1852-இல் வெல்லிங்டன் பிரபு, 1861-இல் விக்டோரியா மகாராணியாரின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் ஆகியோரின் இறுதிச் சடங்குகளை நடத்தியது இந்தக் குடும்பம்தான். ஆகவே பேண்டிங் வசதியானவர், சமூகத்தில் மதிப்புள்ளவர். நாள் முழுதும் ஓடியாடி உழைத்தவரும்கூட. சோம்பேறி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

அவருடைய பெற்றோர் பருமனானவர்கள் அல்லர். முப்பது வயதுக்கு மேல்தான் இவருக்கு உடம்பு பெருக்கத் தொடங்கியது. அப்போதே கவலைப்பட்டு வைத்தியர்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மருத்துவராக இருந்த நண்பர் ஒருவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். பேண்டிங் ஒரு படகு வாங்கி, தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தேம்ஸ் நதியில் துடுப்புப் போட்டார். தசை வலுவானது உண்மைதான். ஆனால் பசியும் அதைவிட வேகமாக வளர்ந்தது. சாப்பாடு கூடியது, எடையும் கூடியது. கடைசியில் பயிற்சியை நிறுத்திவிடும்படி அதே நண்பர் சொல்லவேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்யாத முயற்சி இல்லை. கடலில் குளித்தார். குதிரைச் சவாரி செய்தார். மருத்துவக் குணமுள்ள ஊற்று நீர் கிடைக்கும் ஊர்களுக்குப் போய்த் தங்கினார். மருந்துகள் விழுங்கினார். துருக்கிய நீராவிக் குளியல் எடுத்தார். பல தடவை நீராவியில் வெந்தும் குறைந்தது 6 பவுண்டு மட்டுமே.

உடல் துன்பத்தைவிட அவரை அதிகம் வதைத்தது வேறொன்று. தெருவில் நடந்தால் கேலி, பொது வண்டியில் ஏறினால் முணுமுணுப்பு, கூட்டத்துக்குப் போனால் ஏளனப் பார்வை. நாளடைவில் அவர் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். அரச குடும்பமே நம்பிய மனிதர், வண்டியில் பக்கத்தில் உட்காரும் முகம் தெரியாதவருக்கு அஞ்சி ஒதுங்கினார். இந்த இடத்தைப் படித்தபோது, நம் கல்யாண வீடுகள்தான் என் நினைவுக்கு வந்தன. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே உடம்பு போட்டுவிட்டாயே என்று சொல்லும் அத்தைமார்களும் மாமாக்களும் நம்மில் எத்தனை பேர்! அவர்கள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை அடுத்த விசேஷத்துக்கு வர மறுப்பது ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை.

1862 ஆகஸ்டில் பேண்டிங் காது வைத்தியர் வில்லியம் ஹார்வியிடம் போனார். எடையைக் குறைக்க அல்ல, காது கேட்காததற்காகத்தான். இந்த ஹார்வி, இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த 17-ஆம் நூற்றாண்டு ஹார்வி அல்லர். பெயர் மட்டும்தான் ஒன்று. இவர் பாரிஸுக்குச் சென்று உடலியல் மேதை குளோட் பெர்னார்டின் சொற்பொழிவுகளைக் கேட்டிருந்தார். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்பதையும், நீரிழிவு நோயையும் பற்றிய சொற்பொழிவுகள் அவை. அவற்றைக் கேட்டதிலிருந்து, மாவுச்சத்தும் சர்க்கரையும் உடம்பில் கொழுப்புச் சேரக் காரணமாகலாம் என்று ஹார்வி யோசித்து வந்தார். பேண்டிங்கைப் பார்த்ததும், காதுக்குள் போகும் குழாயைக் கொழுப்பு அழுத்துகிறது என்று முடிவு செய்து, மருந்துக்குப் பதிலாக உணவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்.

அதுவரை பேண்டிங் சாப்பிட்டதைப் பாருங்கள். காலையில் ரொட்டியும் பாலும், அல்லது நிறையப் பாலும் சர்க்கரையும் போட்ட தேநீருடன் வெண்ணெய் தடவிய ரொட்டி. மதியம் இறைச்சி, பீர், எக்கச்சக்கமான ரொட்டி, இனிப்புப் பணியாரம். மாலையில் மறுபடியும் காலை மாதிரியே. இரவில் பழம் வைத்துச் சுட்ட பண்டம். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறையும் விட்டுவிடும்படி ஹார்வி சொன்னார். அவற்றுக்குப் பதிலாக அளவான இறைச்சி, மீன், கோழி, உருளைக்கிழங்கு அல்லாத காய்கறி, கொஞ்சம் பழம், ஓர் அவுன்ஸ் காய்ந்த ரொட்டி, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். திராட்சை மதுவுக்குத் தடை சொல்லவில்லை. தினமும் சில கோப்பைகள் அனுமதித்தார்.

பலன் நிதானமாக வந்தது. பேண்டிங் சில வாரங்களுக்கு ஒரு முறை எடை பார்த்துத் தேதியோடு குறித்து வைத்தார். 1863 செப்டம்பரில் அவர் எடை 156 பவுண்டு, ஏறக்குறைய 71 கிலோ. ஓராண்டுக்குச் சற்று மேல் ஆன காலத்தில் 46 பவுண்டு குறைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் குறைந்தது. காது கேட்டது. படியில் மற்றவர்களைப்போல் முன்பார்த்து இறங்கினார். காலணிக் கயிற்றைத் தாமே கட்டினார்.

கணக்குப் படிப்பவள் என்பதால் நான் வகுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு 1 பவுண்டுகூட இல்லை. கிலோவில் சொன்னால் 0.4-க்கும் குறைவு. இன்றைய உடல் எடைக் குறியீட்டின்படி பார்த்தால், தொடக்கத்தில் அவருக்கு 33-க்கு மேல். முடிவில் சுமார் 26. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று இப்போது சொல்கிறார்கள். அந்த அளவுகோலில் பேண்டிங் கடைசிவரை ஒல்லியாகவில்லை. ஆனால் அவர் வாழ்க்கை மாறிவிட்டது.

தமக்குக் கிடைத்த நன்மையைத் தம்மோடு வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. 1863-இல் பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்ற முறையில் சிறு நூல் எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் பிறகு விலைக்கு வெளியிட்டார். ஆயிரக்கணக்கில் விற்றது, இலாபத்தைத் தருமக் காரியங்களுக்குக் கொடுத்தார். நூலில் அவர் சொன்ன உவமை ஒன்று எனக்குப் பிடித்தது. அவரை இனத் தானியம் இளம் குதிரைக்கு நல்ல தீனி. வயதான குதிரைக்கு அதுவே கெடுதல். அதுபோல இளமையில் ஒத்துக்கொண்ட உணவே முதுமையில் தமக்குக் கேடாகிவிட்டது என்று விளக்கினார்.

பாராட்டோடு ஏச்சும் வந்தது. வைத்தியம் படிக்காத சவப்பெட்டிக்காரர் வைத்தியம் சொல்வதா என்று பத்திரிகைகளும் மருத்துவர்களும் கிண்டல் செய்தனர். பேண்டிங் சளைக்கவில்லை. தம் அனுபவத்தைத்தான் எழுதினார். மற்றவர்கள் தத்தம் மருத்துவரைக் கேட்டுச் செய்யவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். எடை குறைக்க ஆயிரம் வழி விற்கும் இன்றைய காணொளிகளில் இந்த ஒரு வரிதான் பெரும்பாலும் காணாமல் போகிறது.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. விடுதியில் என் அறைத்தோழி சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் 10 கிலோ குறைக்கும் திட்டம் ஒன்றைப் பின்பற்றினாள். காலைச் சாப்பாடு கிடையாது. மதியம் ஓர் ஆப்பிள். மூன்றாம் வாரம் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். தாங்கிப் பிடித்தபோது அவள் கை சில்லென்று இருந்தது. தேறி எழுந்தவள் முதலில் கேட்டது, எடை எவ்வளவு குறைந்திருக்கும் என்பதுதான். அவள் பயந்தது நோய்க்கு அல்ல, பேண்டிங்கைப்போல மற்றவர் பார்வைக்கு. அவளிடம் நான் பேண்டிங் கதையைச் சொன்னேன். 46 பவுண்டு குறைய அவருக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது என்ற இடத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு இருவரும் பல்கலைக்கழக மருந்தகத்துக்குப் போய் உணவு ஆலோசகரைச் சந்திக்க நேரம் வாங்கினோம்.

பேண்டிங்கின் பட்டியலை நாம் அப்படியே பின்பற்றக் கூடாது. வேளைக்கு வேளை இறைச்சி, தினமும் மது என்பது அவருடைய காலத்துப் பழக்கம். வளரும் வயதில் இருப்பவர்கள் ஓர் உணவு வகையையே அடியோடு ஒதுக்குவதும் சரியல்ல. உடற்பயிற்சி வேண்டாம் என்றும் அவர் கதைக்குப் பொருள் கொள்ளக் கூடாது. இதயத்துக்கும் எலும்புக்கும் அது அவசியம். ஓடிவிட்டு வந்து ரொட்டி சானாய் மூன்றும் மைலோ ஐஸும் சாப்பிட்டால் கணக்குச் சரியாகாது என்பதைத்தான் அவருடைய படகு நமக்குச் சொல்கிறது.

எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. முதலாவது, குடிப்பதைக் கவனிப்பது. பேண்டிங்கின் தேநீரில் இருந்த பாலும் சர்க்கரையும்தான் நம் தே தாரிக்கில் இனிப்புப் பாலாக இருக்கிறது. சர்க்கரை குறைவாக என்று கடைக்காரரிடம் சொல்வதற்குக் காசு ஆகாது. சிங்கப்பூரில் பானப் பொட்டலங்களில் ஏ முதல் டி வரை தரக்குறியீடு 2022 டிசம்பர் கடைசியிலிருந்து நடப்பில் இருக்கிறது. வாங்குமுன் ஒரு பார்வை போதும். இரண்டாவது, தட்டைப் பிரிப்பது. மலேசியச் சுகாதார அமைச்சு சுக்கு சுக்கு செப்பாரோ என்று சொல்வது இதைத்தான்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். வாழையிலைச் சாப்பாட்டில் கூட்டும் பொரியலும் கீரையும் இருக்கத்தான் செய்கின்றன. நாம்தான் சோற்றை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு காய்கறியை ஓரத்தில் ஒதுக்குகிறோம். மூன்றாவது, பொறுமையாகக் குறித்து வைப்பது. தினமும் எடை பார்த்து மனம் உடைவதைவிட, சில வாரங்களுக்கு ஒரு முறை பார்ப்பது மேல். எடை மட்டுமல்லாமல், மூச்சு வாங்காமல் எத்தனை மாடி ஏற முடிகிறது என்பதையும் சேர்த்து எழுதலாம். நான்காவது, தகுதியுள்ள ஒருவரிடம் கேட்பது.

பேண்டிங் 1878 மார்ச்சில், தம் 81-ஆம் வயதில் காலமானார். அதற்குள் அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதை அவர் பெயரால் குறிப்பிட்டார்கள். சுவீடன் நாட்டு மொழியில் அதே பொருளில் அந்தச் சொல் இன்றும் புழங்குகிறது. மற்றவர்களின் கேலிக்கு அஞ்சி வண்டியில் ஏறத் தயங்கிய ஒருவரின் பெயர், மற்றவர்களுக்கு வழிகாட்டும் சொல்லாக நிலைத்துவிட்டது.

அடுத்த விசேஷத்தில் யாரையாவது பார்த்து உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தால், தம்பி தங்கைகளே, ஒரு கணம் பொறுங்கள். அதற்குப் பதிலாகச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச தூரம் சேர்ந்து நடக்க அழையுங்கள். பேண்டிங்குக்கு அப்படி ஒரு துணை முப்பது வயதிலேயே கிடைத்திருந்தால், அவர் 65 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.