ஆட்டத்துக்குக் கணக்கெழுதிய ஆங்கிலேயர்

பேஸ்பால் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான். மட்டையை வீசிப் பந்தைத் தொடாமலே விட்டால் அதற்கு 'ஸ்டிரைக்', அதாவது 'அடி' என்று பெயர்! எதிராளி அசந்த நேரத்தில் ஒருவர் அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டால் அவர் 'திருடினார்' என்கிறார்கள். போலீஸைக் கூப்பிடாமல் கைதட்டுகிறார்கள். 'ஹோம்' என்ற இடத்தில் வீடு கிடையாது. தரையோடு பதித்த ஒரு தகடுதான் இருக்கிறது. பத்து முறையில் ஏழு முறை பந்தடிக்கத் தவறியவரை மகா சூரர் என்று கொண்டாடுகிறார்கள். அவர் 'முந்நூறு' அடிப்பவராம்!

இந்த முந்நூறுக்கு மூலபுருஷர் ஹென்றி சாட்விக். அமெரிக்கர்களின் தேசிய ஆட்டத்துக்குக் கணக்கு வழக்கை ஏற்படுத்திய அவர் பிறப்பால் அமெரிக்கரே அல்ல. இங்கிலாந்திலுள்ள எக்ஸெட்டர் நகரில் 1824-ல் பிறந்தார். லண்டனில் சுகாதாரச் சீர்திருத்தம் செய்து புகழ்பெற்ற எட்வின் சாட்விக் இவருடைய தந்தையின் மூத்த தாரத்து மகன். அண்ணன் சாவுக் கணக்கை வைத்துச் சாக்கடைகளைத் திருத்தப் பாடுபட்டார். தம்பி ரன் கணக்கை வைத்து ஆட்டத்தைத் திருத்தினார்.

1837-ல் பெற்றோருடன் புரூக்ளினுக்குக் குடியேறிய சாட்விக், வளர்ந்ததும் பத்திரிகை நிருபரானார். அவர் எழுதியது கிரிக்கெட்டைப் பற்றி. 1856-ல் ஹோபோக்கன் மைதானத்தில் கிரிக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பக்கத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டம் அவரை நிறுத்திவிட்டது. சுறுசுறுப்பான இந்த ஆட்டம் அமெரிக்கர்களின் சுபாவத்துக்கு ஏற்றது என்று அன்றே முடிவு கட்டினார்.

கிரிக்கெட் தந்த சீதனம்

புது ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அவர் கையாண்டது பழைய ஆட்டத்தின் உபாயம். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை மனத்தில் வைத்து, பேஸ்பாலுக்கு ஒரு பெட்டிக் கணக்கைச் செப்பனிட்டார். யார் எத்தனை ரன், யார் அவுட், யார் பந்தைப் பிடித்தார், யார் கோட்டை விட்டார் என்பதெல்லாம் நாளடைவில் அதில் ஏறின. அடிக்க முடியாமல் அவுட்டானவருக்கு 'ஸ்டிரக்' என்ற சொல்லின் கடைசி எழுத்தான 'கே'யை அடையாளமாக வைத்தார். இன்றும் அதுவே வழக்கம்.

பந்தடிப்பில் சராசரி பார்க்கும் முறையும் அவரால் பரவியது. பத்து முறையில் மூன்று முறை பந்தை நன்றாக அடித்து பேஸை எட்டினால் தசம கணக்கில் .300, அதைத்தான் 'முந்நூறு' என்கிறார்கள். வேகமாக வரும் பந்தை அடிப்பது அத்தனை கடினம்! ஆட்டக்காரரின் தோரணையைப் பார்த்து மயங்காமல் அவர் செய்ததைப் பார்த்து மதிப்பிட இந்தக் கணக்கு வழி செய்தது. 1860-ல் பத்து சென்ட் விலையில் வெளிவந்த அவருடைய கையேடு ஆட்ட விதிகளை ஊரெங்கும் கொண்டுசென்றது. ஆட்டத்தைச் சூழ்ந்திருந்த சூதாட்டத்தையும் குடியையும் அவர் ஓயாமல் கண்டித்தார்.

ஆனால் அவர் கணக்கிலும் ஒரு கோணல் உண்டு. நாலு பந்தும் தப்பாக வந்து ஒருவர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போனால், அதை எறிந்தவரின் பிழையாகவே எண்ணினார். பொறுமையுடன் நின்றவருக்கு மதிப்பெண் இல்லை. அந்தப் பொறுமைக்கு உரிய மதிப்புக் கிடைக்க நெடுங்காலமாயிற்று.

தோற்ற வழக்கு

சாட்விக்கின் முதுமையில் ஒரு சோதனை வந்தது. பேஸ்பால் பிறந்தது எங்கே? இங்கிலாந்தில் சிறுவர்கள் ஆடும் 'ரவுண்டர்ஸ்' ஆட்டத்திலிருந்துதான் என்று 1903-ல் அவர் எழுதினார். பழைய ஆட்டக்காரரும் விளையாட்டுச் சாமான் வியாபாரியுமான ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பிடிக்கவில்லை. சாட்விக் ஆசிரியராக இருந்த ஆண்டு மலரோ ஸ்பால்டிங்கின் நிறுவனத்து வெளியீடு! ஆனாலும் சாட்விக் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1905-ல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. ஆப்னர் டபிள்டே என்ற ராணுவத் தளபதி 1839-ல் கூப்பர்ஸ்டவுன் கிராமத்தில் இதை உண்டாக்கினார் என்று 1907-ல் அது தீர்ப்புச் சொன்னது. ஆதாரம், ஒரு முதியவரின் ஞாபகம். டபிள்டே 1893-லேயே காலமாகிவிட்டார். 1839-ல் அவர் ராணுவக் கல்லூரி மாணவர். வாழ்நாளெல்லாம் எண்ணி எழுதியவரைக் கட்டுக்கதை வென்றது. 1908 ஏப்ரல் 20-ந் தேதி, 83-ம் வயதில் சாட்விக் காலமானார்.

டபிள்டே கதையைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் தள்ளிவிட்டார்கள். பேஸ்பாலின் வேர் பழைய ஆங்கில ஆட்டங்களில் இருக்கிறது என்பதே அவர்கள் முடிவு. ஆனால் அதற்குள் கதையை நம்பிக் கூப்பர்ஸ்டவுனிலேயே பேஸ்பால் புகழ் மண்டபத்தைக் கட்டிவிட்டார்கள். 1939-ல் அது திறக்கப்பட்டது. அங்கே கௌரவிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பட்டியலில் டபிள்டேயின் பெயர் இல்லை. 1938-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சாட்விக்கின் பெயர் இருக்கிறது.