ஒரு பஸ், 280 பஸ் ஆன கதை

புதுச்சேரியில் இருந்து வில்லியனூர் வழியாக விழுப்புரம் போகும் பஸ்கள் மூலக்குளத்தைத் தாண்டித்தான் செல்கின்றன. சாலை ஓரம் நின்று கை காட்டினால் ஏறிக்கொள்ளலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வசதி அரிது. வண்டி மாடு உள்ளவர்கள் வண்டியில் போனார்கள். இல்லாதவர்கள் நடந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒரே ஒரு பஸ்சுடன் தொழில் தொடங்கி, கொங்கு நாட்டு மக்களின் நடையைக் குறைத்தவர் ஜி.டி.நாயுடு.

மோட்டார் சைக்கிள் ஆசை

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார். இயற்பெயர் துரைசாமி. தந்தை விவசாயி. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. படிப்பு 3-ம் வகுப்போடு நின்றது.

ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறதே! துரைசாமி வியந்து நின்றார். அதுபோல ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார்.

கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை செய்தார். சம்பளத்தை மிச்சம் பிடித்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைத் திருகு திருகாகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

எல்லாம் போயிற்று!

பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழில் செய்தார். பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தோடு பம்பாய் சென்று வியாபாரத்தில் இறங்கினார். நஷ்டம்! சேர்த்தது எல்லாம் போயிற்று.

நாயுடு மனம் உடையவில்லை. ஊர் திரும்பி, ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேய முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவரது திறமையைக் கண்ட ஸ்டேன்ஸ், பஸ் வாங்கக் கடன் கொடுத்தார்.

முதலாளியே டிரைவர்

1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் நாயுடுதான், டிரைவரும் நாயுடுதான். எந்திரம் மக்கர் செய்தால் பிரித்துப் பார்க்கவும் அவருக்குத் தெரியும்.

அப்போது பழனிக்கு ரெயில் கிடையாது. முருகனைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கும், ஊர் விட்டு ஊர் போகும் குடும்பங்களுக்கும் பஸ் பெரிய உதவியாக இருந்தது.

ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற கம்பெனி வளர்ந்தது. 1933-ல் அந்தக் கம்பெனியில் 280 பஸ்கள் இருந்தன!

மற்றவர்கள் படிக்க

பள்ளிக்கூடத்தை வெறுத்த நாயுடு, 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமாக இருந்தார். ஏழைப் பிள்ளைகளும் எந்திரத் தொழில் கற்கவேண்டும் என்பது அவரது ஆசை.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, 80-வது வயதில் காலமானார்.

பம்பாயில் பணம் போன அன்று அவர் மூலையில் முடங்கி இருந்தால், பழனி சாலையில் அந்த ஒரு பஸ் ஓடி இருக்காது. பின்னால் 280 பஸ்களும் வந்திருக்காது.