நரம்பின் நெறி கண்ட கஹால்

எரியும் விளக்கிற் கை பட்டதும் சட்டென இழுத்துக்கொள்கிறோம். சுட்டது என்னும் உணர்ச்சி உள்ளத்திற் பதியுமுன்னரே கை விலகிவிடுகின்றது. உறங்கும்போதும் நம் மூச்சு ஓய்வதில்லை. ஓடுங்கால் இதயம் விரைந்து துடிக்கின்றது, அமர்ந்தால் தணிகின்றது. பசித்தவன் முன் சோறு வந்ததும் வாயூறுகின்றது. இவற்றையெல்லாம் நெறிப்படுத்துவது நரம்புத் தொகுதி என்பதை இன்று பாடசாலைச் சிறுவரும் அறிவர். ஆனால், அத்தொகுதி எவற்றாலானது, செய்தி அதனுள் எவ்வழியாற் செல்கின்றது என்னும் வினாக்களுக்கு 1880ஆம் ஆண்டளவில் உலகப் பேரறிஞர்களாலும் தெளிவான விடை கூற இயலவில்லை. அவ்விடையைக் கண்டவர் பாரிஸிலோ பேர்லினிலோ புகழுடன் வீற்றிருந்த பேராசிரியரல்லர். விஞ்ஞானத்திற் பின்தங்கியதென அக்காலத்தார் கருதிய ஸ்பெயின் தேசத்திலே, ஒரு கிராமத்து வைத்தியரின் மகனாகப் பிறந்தவர் அவர். சந்தியாகோ றமோன் இ கஹால் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை நம் வாலிப அன்பர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

இளமை

கஹால் 1852ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி, பெதில்யா என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ றமோன், முடிதிருத்தலோடு சிறு சத்திரவைத்தியமும் செய்யும் தொழிலிலே தொடங்கி, வறுமையோடு போராடிப் படித்து வைத்தியராக உயர்ந்தவர். தாயார் அந்தோனியா கஹால். ஸ்பானிய வழக்கப்படி தந்தை பெயரும் தாய் பெயரும் சேர்ந்தே மகனுக்கு அமைந்தன. எனினும், உலகம் இன்று அவரைத் தாய்வழி வந்த பெயராலேயே அழைக்கின்றது.

விளையும் பயிரை முளையிலே தெரியும் என்பர். கஹாலை முளையிற் கண்டவர்களோ களையென்றே கருதியிருப்பர். கண்ட சுவரிலெல்லாம் படம் வரைவதே சிறுவனின் பெருவிருப்பம். ஓவியம் சோறு போடாது என்பது தந்தையாரின் உறுதியான கொள்கை. பாடங்களிற் கவனமில்லை, குறும்புக்கோ குறைவில்லை. பதினொரு வயதிலே தானே ஒரு பீரங்கி செய்து, அயலவரின் தோட்டக் கதவை அதனாற் சிதறடித்தமையால் சில நாட்கள் சிறையிலிருக்க நேர்ந்தது. மகனைத் திருத்தவெண்ணிய தந்தையார் அவனை முடிதிருத்துவோரிடமும், செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார்.

இறுதியில் தந்தையார் ஒரு நல்ல உபாயம் கண்டார். 1868ஆம் ஆண்டு கோடைகாலத்திலே மகனை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே வெளிப்பட்டுக் கிடந்த எலும்புகளைக் கொண்டு மனித உடலமைப்பைக் கற்பித்தார். சுவரிலே கிறுக்கிய கை எலும்பின் வளைவுகளையும் குழிகளையும் வரையத் தொடங்கியது. புத்தகத்தைக் கண்டு ஓடிய இளைஞர், கண்ணாற் கண்டதைக் கையால் வரைந்து கற்கும் கல்வியில் மூழ்கினார். தந்தையின் வைத்தியமும் மகனின் ஓவியமும் பகையல்ல என்பது அன்று வெளிப்பட்டது. பிற்காலத்தில் நரம்பின் இரகசியத்தைக் கண்டதும் இவ்விரண்டும் கூடிய கூட்டுறவேயாகும்.

போர்க்களமும் நோயும்

1873ஆம் ஆண்டிலே சறகோசா நகரில் வைத்தியப் பட்டம் பெற்ற கஹால், படையிலே வைத்தியராகச் சேர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அப்போது விடுதலை யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலங்களின் நடுவே அமைந்த வைத்தியசாலையிலே நோயாளருக்குப் பணிசெய்தவரை மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுளைவும் வாட்டின. எலும்புந் தோலுமாக 1875ஆம் ஆண்டிலே தாய்நாடு திரும்பினார். சேவைக்காகக் கிடைத்த பணத்தைக் கொண்டு அவர் வாங்கியது ஒரு நுணுக்குக்காட்டி! சில ஆண்டுகளிற் கசநோயும் பற்றியது. அதினின்றும் மெல்ல மீண்டார். 1879ஆம் ஆண்டிலே சில்வேரியா என்னும் நங்கையை மணந்தார். சிறு வருமானத்திலே எழுவர் பிள்ளைகளை வளர்த்து, கணவரின் ஆராய்ச்சிச் செலவுக்கும் இடமளித்த அவ்வம்மையாரின் பங்கு சிறியதன்று.

வலென்சியா சர்வகலாசாலையில் அவர் பேராசிரியராக இருந்தபோது, 1885ஆம் ஆண்டிலே அந்நகரைக் கொலரா நோய் பீடித்தது. அந்நோய் பற்றிக் கஹால் செய்த ஆராய்ச்சியைப் பாராட்டிச் சறகோசா மாகாண சபையார் சைஸ் என்னும் ஜேர்மன் தொழிற்சாலையிற் செய்த சிறந்த நுணுக்குக்காட்டி ஒன்றை அவருக்குப் பரிசளித்தனர். போர்வீரனுக்கு வாள் கிடைத்ததுபோல அவருக்கு அக்கருவி கிடைத்தது.

கரும்பொருளின் உதவி

நரம்புத் தொகுதியை ஆராய்வது அக்காலத்தில் ஏன் அத்துணை அரிதாயிருந்தது? மூளையின் ஒரு மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினால் எண்ணிறந்த கலங்களும் அவற்றின் இழைகளும் பின்னிப் பிணைந்து கிடக்கும். அடர்ந்த காட்டிலே ஒரு மரத்தின் கிளை எங்கே முடிகின்றது, அடுத்த மரத்தின் கிளை எங்கே தொடங்குகின்றது என்று அறிய இயலாததுபோன்ற நிலை அது. ஆகவே, இழைகளெல்லாம் ஒன்றோடொன்று இணைந்து முடிவில்லாத ஒரே வலையாய் அமைந்துள்ளன என்று அறிஞர் பலர் நம்பினர்.

1873ஆம் ஆண்டிலே கமில்லோ கொல்ஜி என்னும் இத்தாலிய அறிஞர், பொற்றாசியம் இருகுரோமேற்றிலே பதமாக்கிய மூளைத் துண்டை வெள்ளி நைத்திரேற்றிலே தோய்க்கும் முறையைக் கண்டறிந்தார். இம்முறையிலே பலவற்றுள் சில கலங்கள் மட்டும் கருநிறம் பெறும். ஆனால், அச்சில கலங்களோ கிளை நுனிவரை முழுமையாய்த் தோன்றும். காட்டிலே பத்து மரங்களை மட்டும் கறுப்பாக்கி, ஏனையவற்றைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்ததற்கு இதனை ஒப்பிடலாம். எனினும், இம்முறை சில வேளைகளிற் பலித்தும், பல வேளைகளிற் பலியாதும் போனமையால் பிறநாட்டார் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1887ஆம் ஆண்டிலே மட்றிட் நகர் சென்ற கஹாலுக்கு, லூயிஸ் சிமாறோ என்னும் வைத்தியர் இம்முறையால் ஆக்கிய சீவல்களைக் காட்டினார். கண்ட மாத்திரத்தே தம் வாழ்நாட் பணி எதுவெனக் கஹால் உணர்ந்தார்.

அதே ஆண்டு பார்சலோனா சர்வகலாசாலைக்கு மாறிய கஹால், இம்முறையைச் செப்பஞ் செய்தார். துண்டுகளை இருமுறை தோய்த்தார். வளர்ந்த மூளையாகிய பெருங்காட்டை விட்டு, கோழி முளையத்திலும் இளங் குட்டிகளிலும் உள்ள இளங்கன்றுத் தோப்பை ஆராயத் தொடங்கினார். சதுரங்க ஆட்டத்திலே தமக்கிருந்த தீராத மோகத்தையும், அது பொழுதை விழுங்குவது கண்டு, அடியோடு கைவிட்டார். 1888ஆம் ஆண்டிலே பறவைகளின் சிறுமூளையில் அவர் கண்டது என்ன? ஒரு கலத்தின் இழை மற்றொரு கலத்தைக் கூடைபோற் சூழ்ந்து நிற்கின்றது. ஆயினும், அதனுள் கலந்துவிடவில்லை. நெருங்கித் தொடுகின்றதேயன்றி ஒன்றாகவில்லை. நரம்புத் தொகுதி ஒரே வலையன்று. தனித்தனிக் கலங்களின் கூட்டமே என்பது இதனாற் புலனாயிற்று. பின்னர் முளையங்களிலே, இழையானது கலத்தினின்று முளைத்து, தன் நுனியால் வழிதேடி வளர்ந்து செல்வதையும் கண்டு வரைந்தார்.

பேர்லினிற் பெற்ற வெற்றி

உண்மையைக் கண்டால் மட்டும் போதாது. உலகம் அதனைக் காணச் செய்யவும் வேண்டுமன்றோ! கஹால் தம் கைப்பணத்தைச் செலவிட்டு ஒரு சஞ்சிகை தொடங்கி, அறுபது பிரதிகள் மட்டும் அச்சிட்டு, பிறநாட்டு அறிஞருக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியிலிருந்த அதனைப் படிப்பார் அரியராயினர். சோர்ந்துவிடாத கஹால், 1889ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே தம் சீவல்களையும் நுணுக்குக்காட்டியையும் சுமந்துகொண்டு பேர்லின் நகரில் நடந்த ஜேர்மன் உடலமைப்பியற் சங்கத்தின் கூட்டத்திற்குச் சென்றார். ஜேர்மன் மொழி பேசத் தெரியாது. தெரிந்த பிரெஞ்சும் அரைகுறை. ஆயினும், நுணுக்குக்காட்டியின் கீழிருந்த சீவல்கள் மொழிபெயர்ப்பாளர் இன்றியே பேசின. அக்காலத்தே அத்துறையின் தலைவரெனப் போற்றப்பட்ட கொலிக்கர் என்னும் முதுபேராசிரியர் தம் கண்ணால் நோக்கினார், நோக்கியதும் ஏற்றுக்கொண்டார். வலைக் கொள்கையை முன்னர் ஆதரித்திருந்த அவர், எழுபது வயது கடந்தபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காக ஸ்பானிய மொழியையும் கற்றார். கற்பித்தவரின் பெருமையோடு, கற்றுக்கொண்டவரின் பெருமையையும் நாம் ஒருங்கே போற்றவேண்டும்.

1891ஆம் ஆண்டிலே வால்டையர் என்னும் ஜேர்மன் அறிஞர் இக்கலத்துக்கு நியூரோன் என்று பெயரிட்டார். நாம் நரம்புக் கலம் என்போம். அதே ஆண்டளவிலே கஹால் மற்றொரு விதியையும் நிறுவினார். செய்தியானது கலத்தின் சிறு கிளைகளாலும் உடலாலும் உட்புகுந்து, அதன் நீண்ட இழையினால் வெளிச்செல்லும். நரம்பு வழி ஒருவழிப் பாதையாகும் என்பதே அவ்விதி. தம் படங்களிலே செய்தி செல்லும் திசையை அவர் அம்புக்குறிகளாற் காட்டினார்.

இவ்விதியைக் கொண்டு, முதலிற் கூறிய சுட்ட கையை நோக்குவோம். விரலினின்று புறப்பட்ட செய்தி, உணர்ச்சி நரம்புக் கலத்தின் இழைவழியே முண்ணாணின் பின்புறத்தால் உட்செல்கின்றது. அங்கே இடைநிற்கும் கலங்களுக்குக் கையளிக்கப்படுகின்றது. அவை முன்புறத்திலுள்ள இயக்க நரம்புக் கலத்தை எழுப்ப, அதன் இழைவழியே ஆணை சென்று தசை சுருங்குகின்றது. கை விலகிய பின்னரே மூளை நோவை உணர்கின்றது. தெறிவினை எனப்படும் இச்சிறு சுற்றுவழிபோன்ற பலவும், இதனினும் சிக்கலான எண்ணற்றவையும் சேர்ந்தே நம் நடையையும், மூச்சையும், பேச்சையும் இயக்குகின்றன.

ஒரு பரிசும் இரு பகைக் கொள்கைகளும்

1892ஆம் ஆண்டிலே கஹால் மட்றிட் சர்வகலாசாலையின் பேராசிரியரானார். 1894ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் சங்கம் அவரை அழைத்து விரிவுரை நிகழ்த்தச் செய்தது. 1906ஆம் ஆண்டு நோபல் பரிசு கஹாலுக்கும் கொல்ஜிக்கும் பங்கிட்டு வழங்கப்பட்டது. சாயம் கண்டவர் ஒருவர். அச்சாயத்தால் உண்மை கண்டவர் மற்றொருவர். கொல்ஜியோ இறுதிவரை வலைக் கொள்கையையே நம்பியவர். ஸ்டொக்ஹோம் நகரிலே பரிசுபெற்ற மேடையில் நின்றே அவர் நரம்புக் கலக் கொள்கையைக் கண்டித்துப் பேசினார். மறுநாட் பேசிய கஹால் தாம் கண்ட சான்றுகளை வரிசையாக எடுத்துரைத்தார். கொல்ஜியின் முறைக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதையும் மறைக்கவில்லை.

தமக்கென அமைக்கப்பட்ட ஆராய்ச்சி நிலையத்திலே அரசாங்கம் தர முன்வந்த சம்பளம் மிகையெனக் கூறி அதனைக் குறைக்கச் செய்தார் என்பது, இக்காலத்து நாம் நினைவுகூரத்தக்க செய்தியாகும். 1934ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி மட்றிட் நகரிலே தமது 82ஆவது வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். இரண்டு ஆண்டுகளில் மூண்ட உள்நாட்டு யுத்தத்தால் அவர் மாணாக்கர் பலர் சிதறுண்டனர். ஆயினும், அவர் நாட்டிய கொள்கை நிலைத்தது. ஒரு கலத்தினின்று மறு கலத்துக்குச் செய்தி எங்ஙனம் தாவுகின்றது என்பதற்கு, 1921ஆம் ஆண்டிலே ஒட்டோ லோவி என்னும் அறிஞர் தவளையின் இதயத்தைக் கொண்டு விடை கண்டார். நரம்பின் நுனியிற் சுரக்கும் இரசாயனப் பொருளே அச்செய்தியைக் காவுகின்றது. 1950க்குப் பின் இலத்திரன் நுணுக்குக்காட்டி கலங்களுக்கிடையேயுள்ள நுண்ணிய இடைவெளியையே கண்ணுக்குக் காட்டியது. கலங்கள் நேரே நுண்குழாய்களால் தொடர்புறும் இடங்களும் சில உளவென்று பின்னர் அறியப்பட்டபோதிலும், பொது விதி கஹால் கூறியதேயாம். அவர் கையால் வரைந்த படங்கள் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.

வளர்ந்தோரின் மூளையில் நரம்பு வழிகள் பெரும்பாலும் மாறாதவை என்று எழுதிய கஹால், அத்தீர்ப்பை மாற்றுவது வருங்கால விஞ்ஞானத்தின் கடமை என்று விட்டுச்சென்றார். மனப்பயிற்சியாற் கலங்களின் தொடர்புகள் வலுப்பெறும் என்னும் எண்ணமும் அவருக்கிருந்தது. கற்றலும் பழக்கமும் வாழ்நாள் முழுவதும் நரம்புக் கலங்களின் இணைப்புகளை மாற்றுகின்றன என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை. பாரிசவாதத்தால் கைசோர்ந்தவர் விடாப்பயிற்சியால் மீண்டும் கையசைக்கப் பழகுவதற்கு அடிப்படை இதுவே.

மனித மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளனவென்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் ஒன்றேனும் தனித்து நினைப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் தனித்தன்மை கெடாமல் நின்று, பெற்றதை அடுத்ததற்கு வழங்குவதனாலேயே நினைவும் செயலும் பிறக்கின்றன. சிறிய தேசத்தவர் நாம். நல்ல கருவியில்லை, நூலில்லை, கைதூக்கி விடுவாரில்லை என்று நம் இளைஞர் சிலர் சோர்வதுண்டு. கஹாலிடமும் இவை இருக்கவில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும், கண்டதைப் பிழையின்றி வரையும் கையும், பெரியோர் மறுத்தபோதும் தளராத உள்ளமுமே அவரிடம் இருந்தன. இவற்றைத் தேடிக் கடல் கடக்கவேண்டியதில்லை. நாடோறும் நாம் பழகும் பழக்கமே நம் மூளையை ஆக்குகின்றதாதலால், எதனைப் பழகுகின்றோம் என்பதிற் கருத்தாயிருப்போமாக.