சாதிப் பட்டத்தைத் துறந்த உளி: ஓவியர் சித்தப்பிரசாத்

வன்கொடுமை நிகழ்ந்த ஒரு சேரிக்குள் உண்மை அறியும் குழுவாக நுழையும்போது நாங்கள் முதலில் குறித்துக்கொள்வது ஐந்து செய்திகளை: பெயர், வயது, ஊர், தேதி, இழந்தது என்ன. வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்த ஐந்தில்தான் இருக்கிறது. 1943 நவம்பரில் வங்காளத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றிய இருபத்தெட்டு வயது ஓவியர் ஒருவர் சட்டம் படித்தவர் அல்லர். ஆயினும் பட்டினியால் ஒடுங்கிய ஓர் உடலை வரைந்த பிறகு அந்த மனிதரின் பெயரையும், ஊரையும், அவர் அந்த நிலைக்கு வந்த கதையையும் அவர் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளோடு வெளிவந்த நூலை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து எரித்தது. அவர் பெயர் சித்தப்பிரசாத்.

நெய்வேலி நகரியத்தில் நாங்கள் சிலர் நடத்திவரும் வாசிப்பு வட்டத்தில் இவரைப் பற்றிய பேச்சு எழுந்தது தற்செயலாகத்தான். சுரங்கம் வருவதற்கு முன் இங்கிருந்த ஊர்களில் வயல் வேலை செய்த மக்களின் படம் ஏதேனும் உண்டா என்று சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். 1956இல் நிறுவனம் தொடங்கிய கதையும் தெரியும். அதே நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்களைப் பற்றி எங்களில் எவராலும் ஒரு தாளைக்கூடக் காட்ட முடியவில்லை. 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் கண்ணுக்கு நிலத்தில் உரிமை உடையவர் மட்டுமே தெரிவார். பட்டா இல்லாத உழைப்பாளி தெரியமாட்டார். சட்டத்தின் கண்ணில் படாதவரை வேறு எந்தக் கண் பார்த்தது என்ற கேள்வியிலிருந்துதான் நாங்கள் சித்தப்பிரசாத்திடம் போய்ச் சேர்ந்தோம்.

அவர் 1915 ஜூன் 21 அன்று கொல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள நைஹாத்தியில் பிறந்தார். பார்ப்பனக் குடும்பம், முழுப்பெயர் சித்தப்பிரசாத் பட்டாச்சார்யா. கல்லூரிப் படிப்பு சிட்டகாங்கில். 1930இல் சூர்யா சென் தலைமையில் ஆயுதக்கிடங்கு தாக்கப்பட்ட அதே சிட்டகாங். அந்த நகரத்து இளைஞர்களுக்கு அரசியல் என்பது தெருவிலேயே கிடைத்தது. ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்றவரல்லர் அவர். கிராமத்துச் சிற்பிகளிடமும் கைவினைஞர்களிடமும் பொம்மலாட்டக்காரர்களிடமும் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1930களின் இறுதியில் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குள் வந்தார்; சாதியை மறுக்கும் அடையாளமாகப் பட்டாச்சார்யா என்ற பட்டத்தைத் தம் பெயரிலிருந்து நீக்கினார்.

நமக்கு இது புதிதன்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டுத் தெருப் பலகைகளில் பட்டம் இல்லாத பெயர்களைப் பார்க்கிறோம். பட்டம் போன பிறகும் சாதி எங்கே குடியிருக்கிறது என்பதையும் பார்க்கிறோம். எனவே ஒரு பார்ப்பன இளைஞர் பெயரைச் சுருக்கிக்கொண்டதைப் பெரும் புரட்சியாகக் கொண்டாட எனக்கு மனமில்லை. அவர் அதோடு நிற்கவில்லை என்பதுதான் எழுதத் தூண்டுகிறது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது சிட்டகாங் எல்லை நகரமாயிற்று. சித்தப்பிரசாத் சுவரொட்டிகள் வரைந்துகொண்டு கிராமங்களைச் சுற்றினார். கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த பி.சி.ஜோஷியின் கவனம் அவர்மீது விழுந்தது. பின்னர் அவருடைய படங்கள் பம்பாயிலிருந்து வந்த கட்சி ஏடுகளில் தொடர்ந்து இடம்பெற்றன. 1943 மே மாதம் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் நாடகக் கழகமான இப்டாவின் சின்னமும் அவர் கைவண்ணமே: முரசறையும் ஒரு மனிதன். மேடைக்குச் சின்னமான அந்த முழக்கம் நம் ஊர்களில் ஒரு சாதியின்மீது சுமத்தப்பட்ட இழிதொழில். சின்னத்தைக் கும்பிட்ட தோழர்களில் எத்தனை பேருக்கு அது உறைத்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதே ஆண்டில் பஞ்சம் வந்தது. மழை பொய்த்ததால் மட்டும் வந்த பஞ்சமன்று அது. ஜப்பானியர் வந்தால் எதுவும் அவர்கள் கைக்குக் கிடைக்கக்கூடாது என்று கூறிக் கடலோர மாவட்டங்களின் படகுகளை அரசு அழித்தது, பறித்தது, நெல்லையும் அப்புறப்படுத்தியது. படகு போனதால் மீனவர் பிழைப்பு போயிற்று. போர்ச் செலவால் அரிசி விலை பன்மடங்கு ஏறியது. கொல்கத்தாவின் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் முன்னுரிமை என்று அரிசி போயிற்று. விளைவித்தவரின் ஊருக்கு அந்த முன்னுரிமை இல்லை. மேதினிப்பூருக்கு இதற்கு மேலும் ஓர் அடி விழுந்திருந்தது. 1942 அக்டோபர் 16இல் புயலும் கடலும் சேர்ந்து அம்மாவட்டத்தை அழித்தன. வெள்ளையனே வெளியேறு போராட்டம் அங்கே கடுமையாக நடந்ததால் அரசின் ஒடுக்குமுறையும் கடுமையாக இருந்தது. பஞ்சத்தில் இறந்தவர் தொகையை அரசின் விசாரணை ஆணையம் 15 லட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் அளவுக்குச் சொல்கிறார்கள். முதலில் இறந்தவர்கள் நிலமற்ற கூலிகள், மீனவர்கள், கைத்தொழில் செய்தவர்கள். வங்கத்தில் இச்சொற்களை நமசூத்திரர் என்றும், ராஜ்பன்சி என்றும், ஏழை முஸ்லிம் என்றும் பெயர்த்துப் படித்தால் பெரிதும் தவறாகிவிடாது.

கட்சி சித்தப்பிரசாத்தை மேதினிப்பூருக்கு அனுப்பியது. புகைப்படக் கலைஞர் சுனில் ஜானாவும் அதே பஞ்சத்தைக் கேமராவில் பதிவு செய்துகொண்டிருந்த காலம் அது. சித்தப்பிரசாத்திடம் மையும் தூரிகையும்தான். அவர் வரைந்தவை அழகுபடுத்தாத கறுப்பு வெள்ளைப் படங்கள். விலாவும் முழங்காலும் துருத்தி நிற்க, முகம் மட்டும் ஒரு குறிப்பிட்ட மனிதருடைய முகமாகவே இருக்கும். பஞ்சத்தை வரைந்த மற்றொரு பெருங்கலைஞரான ஜைனுல் ஆபிதீனின் படங்களில் மனிதர் பெரும்பாலும் பெயரற்றவர்களாக, துயரத்தின் உருவமாக நிற்கிறார்கள். சித்தப்பிரசாத்தின் படங்களில் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. கலைநோக்கில் எது உயர்ந்தது என்று சொல்ல நான் தகுதியுள்ளவனல்லன். சான்று என்ற நோக்கில் எனக்குப் பெயர் வேண்டும்.

அந்தப் பயணம் ‘பசித்த வங்காளம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக 1943இலேயே வந்தது. ஏறத்தாழ 5,000 படிகள் அச்சாயின. அரசு அவற்றைக் கைப்பற்றி எரித்தது. போரில் கம்யூனிஸ்டுகள் அரசுக்கு எதிராக நிற்கவில்லை, கட்சியின்மீதான தடையும் 1942இலேயே நீங்கியிருந்தது. ஆயினும் படங்களை அரசால் பொறுக்க முடியவில்லை. இங்கே ஒரு சட்டக் குறிப்பு. நூல்களைப் பறிமுதல் செய்ய 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த 99ஏ பிரிவு, 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 95ஆம் பிரிவாகி, இப்போது 2023ஆம் ஆண்டு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 98ஆம் பிரிவாக உயிரோடிருக்கிறது. மாணவர்கள் மூன்றையும் அருகருகே வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

பஞ்சம் பற்றி அவர் எழுதவும் செய்தார். ஹூக்ளி மாவட்டத்தின் ஜிராட், இந்து மகாசபைத் தலைவர் சியாமா பிரசாத் முகர்ஜியின் பூர்வீக ஊர். பட்டினி கிடந்த அவ்வட்டாரத்தில் அத்தலைவரின் புதிய மாளிகை எழுவதைக் கட்சி ஏட்டில் சித்தப்பிரசாத் அம்பலப்படுத்தினார். சிட்டகாங்கைச் சேர்ந்த சோம்நாத் ஹோர் என்ற இளைஞரைப் பஞ்சத்தில் வீழ்ந்தவர்களிடம் அழைத்துச் சென்று வரையக் கற்பித்தவரும் இவரே. அந்த இளைஞர் 1946இல் ரங்பூர்ப் பகுதியில் குத்தகை உழவர்கள் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கேட்டு நடத்திய தேபாகா போராட்டத்தை மரச்செதுக்குகளாகப் பதிந்து, இந்தியாவின் பெருங்கலைஞருள் ஒருவரானார்.

இனி உளிக்கு வருவோம். மரச்செதுக்கு அச்சு என்பதில் இரு வகை உண்டு. பலகையின் நீளவாட்டில் செதுக்குவது ஒன்று. மரத்தைக் குறுக்காக அறுத்த கெட்டியான முகத்தில் நுண்கோடுகளாகச் செதுக்குவது மற்றொன்று. புகைப்படத்தை அச்சிடும் தொழில்நுட்பம் வருமுன் செய்தித்தாள்களின் படங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் அச்சாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொல்கத்தாவின் பட்டலா அச்சகங்களில் மலிவு நூல்களுக்குப் படம் செதுக்கியவர்கள் கொல்லர், பொற்கொல்லர் போன்ற கைவினைச் சாதியினர். அப்போது அதற்குக் கலை என்ற பெயர் கிடையாது. ஓவியக் கல்லூரிகளின் படிகளில் ஏறிய பிறகுதான் கிடைத்தது.

சித்தப்பிரசாத் மரத்தையும் பயன்படுத்தினார். ஆனால் அவர் பெயரோடு ஒன்றிவிட்டது லினோலியம். ஆளிவிதை எண்ணெயால் செய்யப்பட்ட தரைவிரிப்பு அது. மரத்தைவிட மென்மை, விலையும் குறைவு. வெள்ளையாக வேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, எஞ்சிய மேடுகளில் உருளையால் மை தடவி, தாளை வைத்து அழுத்தினால் படம் விழும். எந்திரம் இல்லாவிட்டால் கரண்டியின் முதுகால் தேய்த்தே அச்செடுக்கலாம். வலம் இடமாகும் என்பதால் எல்லாவற்றையும் தலைகீழாக எண்ணிச் செதுக்கவேண்டும். வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. ஒரு படம் நூறு படமாகும். ஒன்றை எரித்தால் மற்றொன்று எங்கோ இருக்கும். எரிக்கப்பட்ட நூலின் ஓவியர் இந்த முறைக்குள் மேலும் மேலும் இறங்கியது எனக்கு இயல்பாகவே படுகிறது.

உலகிலும் இதற்கு ஒரு மரபு உருவாகியிருந்தது. பெல்ஜியத்தின் பிரான்ஸ் மசரீல் 1919இல் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரச்செதுக்குகளால், ஒரு சொல்கூட இல்லாமல், நகரத்துக்கு வரும் ஒரு மனிதனின் முழு வாழ்வைச் சொன்னார். ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் நெசவாளர் எழுச்சியையும் பிள்ளையை இழந்த தாய்மாரையும் அச்சுப்படங்களாக்கினார். சீனத்தில் லூ சுன் 1931இல் ஷாங்காயில் இளைஞர்களுக்கு மரச்செதுக்குப் பயிற்சி நடத்தினார்; எழுத்தறியாத உழவருக்குச் செய்தி போய்ச்சேர வேறு வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். எழுத்து மறுக்கப்பட்ட மக்களை மிகுதியாகக் கொண்ட நம் நாட்டில் இந்த மரபு ஏன் இன்னும் பரவலாக வேரூன்றவில்லை என்பது தனியாக எழுதவேண்டிய செய்தி.

1946இல் சித்தப்பிரசாத் பம்பாயில் நிலையாகக் குடியேறினார். அவ்வாண்டின் கடற்படை எழுச்சியையும், பின்னர் தெலங்கானா உழவர் போரையும் செதுக்கினார். 1948இல் கட்சித் தலைமை மாறி ஜோஷி ஓரங்கட்டப்பட்டபோது இவரும் கட்சியிலிருந்து விலகிப் போனார். எஞ்சிய காலத்தின் பெரும்பகுதி அந்தேரியில் ஒரு சிறிய அறையில், வறுமையில் கழிந்தது. திருமணம் செய்துகொள்ளவில்லை. செக் நாட்டினர் சிலர் நட்பானார்கள். அவர்களுள் பிரான்டிஷேக் சலாபா தந்த ஊக்கத்தில் ‘கேலாகர்’ என்ற பொம்மலாட்ட அரங்கைத் தொடங்கிச் சேரிக் குழந்தைகளுக்கு ஆடிக்காட்டினார். இந்திய அரங்குகள் மறந்திருந்த காலத்தில் அவர் படைப்புகள் பிராகில் போற்றப்பட்டன. செக் இயக்குநர் பாவெல் ஹோப்ல் 1972இல் அவரைப் பற்றி ஒரு படமெடுத்தார்.

1950களின் தொடக்கத்தில் அந்த அறையில் உருவான லினோ அச்சுத் தொடர், என் மதிப்பீட்டில், பஞ்சப் படங்களையும் விஞ்சுவது. தேவதைக் கதைகள் வாய்க்காத தேவதைகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எல்லாரும் குழந்தைகள், தெருவில் உழைப்பவர்கள், தெருவில் உறங்குபவர்கள். பஞ்சப் படங்களில் பெயரும் குறிப்பும் இருந்தன; இங்கே சொல் தேவைப்படவில்லை. கறுப்புப் பரப்பில் உடலைவிடப் பெரிதாகத் தெரியும் கண்களும் கைகளும் ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு நம்மை நகர்த்துகின்றன. பதினான்கு வயதுக்குக் கீழானவரை ஆலையிலும் சுரங்கத்திலும் அமர்த்தக்கூடாது என்று அரசமைப்பின் 24ஆம் பிரிவு சொல்லி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்களித்தார்கள். குலத்தொழிலுக்கு அரசே திறந்துவிட்ட பின்வாசல் அது. வாதிடும்போது அந்தப் படங்களில் ஒன்றை நீதிபதிமுன் வைக்க எனக்கு ஆசை. நடைமுறை இடம் தராது. டென்மார்க்கின் யுனிசெப் குழு 1969இல் அத்தொடரை நூலாக வெளியிட்டது.

அவர்மீது எனக்கு ஒரு முறையீடு உண்டு. அவருடைய உழவர் எப்போதும் உழவர் மட்டுமே. நிலவுடைமையாளனின் தொந்தி தெரியும், பூணூல் அரிதாகவே தெரியும். கிணற்றிலும் கோயில் வாசலிலும் நிகழும் பட்டினியை அவர் காலத்து இடதுசாரிக் கலை வர்க்கம் என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டது. பட்டத்தைத் துறந்தவராலும் அந்த மூடியைத் திறக்க முடியவில்லை. மேதினிப்பூரில் எழுதிவைத்த பெயர்கள் மட்டும் அவரையும் மீறிப் பேசுகின்றன, ஏனெனில் வங்கத்தில் பெயரோடு சாதியும் வரும்.

1978 நவம்பர் 13 அன்று கொல்கத்தாவில் அவர் இறந்தார். எரிந்த நூலின் ஒரு படியைக் குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் வைத்துக் காத்திருந்தார்கள். 2011இல் டெல்லியின் ஓவியக் கூடம் ஒன்று அவருடைய படைப்புகளைப் பெரும் கண்காட்சியாக வைத்தபோது அந்தப் படியிலிருந்து நூல் அப்படியே மீண்டும் அச்சாயிற்று. எங்கள் வாசிப்பு வட்டத்தின் மாணவர் இருவர் இப்போது அதிலுள்ள பெயர்களைத் தனித்தாளில் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயருக்கு எதிரே ஊர், தொழில், சாதி என மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியை நிரப்ப வங்கத்து நண்பர் ஒருவரின் உதவியைக் கேட்டிருக்கிறோம்.