வெலிங்டன் கூ

வெலிங்டன் கூ (ஜனவரி 29, 1888 - நவம்பர் 14, 1985) சீனாவைச் சேர்ந்த இராசதந்திரியும் பன்னாட்டுச் சட்ட அறிஞரும் ஆவார். சீன மொழியில் இவரது பெயர் கு வெய்ஜுன் என்பதாகும். இளம் வயதிலேயே ஐக்கிய அமெரிக்கா சென்று கல்வி கற்ற இவர், அங்கு பயின்ற சட்டத்தைக் கொண்டே, தம் நாட்டின் மீது வல்லரசுகள் சுமத்தியிருந்த சமனற்ற ஒப்பந்தங்களை எதிர்த்து வாதாடினார். 1919 இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் சாண்டோங் மாகாணம் குறித்து ஆற்றிய உரை இவரை உலகறியச் செய்தது. ஐக்கிய நாடுகள் பட்டயத்தில் முதன்முதலில் கையொப்பமிட்டவரும் இவரே.

இளமை

ஷாங்காய் நகரில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரின் முக்கிய பகுதிகள் அக்காலத்தில் வெளிநாட்டவரின் நிருவாகத்தின் கீழ் இருந்தன. சீன மண்ணில் குற்றம் புரிந்த ஆங்கிலேயரையோ அமெரிக்கரையோ சீன நீதிமன்றம் விசாரிக்க இயலாது. அவரவர் நாட்டுத் துணைத்தூதரே விசாரித்துத் தீர்ப்பளித்தார். 1840களில் ஏற்பட்ட ஒப்பந்தங்களின் வழியாக வந்த இம்முறை தூதரக நீதியதிகாரம் எனப்பட்டது. கூவின் பிற்கால வாழ்வில் பெரும்பகுதி இதனை அகற்றும் முயற்சியிலேயே கழிந்தது எனலாம்.

ஷாங்காயில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1901 முதல் பயின்ற கூ, 1904 இல் தமது பதினாறாவது வயதில் அமெரிக்கா சென்றார். சீனத் தொழிலாளர்கள் அந்நாட்டில் நுழைவதை 1882 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. மாணவர்கள், வணிகர்கள் போன்றோருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது.

கொலம்பியாவில் கல்வி

நியூயார்க் மாநிலத்தின் மான்டூர் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் இருந்த குக் அகாதமியில் ஆயத்தக் கல்வி பெற்ற பின், 1905 இல் நியூயார்க் நகரின் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்தார். பன்னாட்டு உறவுகள் என்ற பெயரில் தனித்துறை அன்று இருக்கவில்லை. அத்துறைக்கான முதல் பேராசிரியர் பதவி 1919 இல் தான் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் ஏற்படுத்தப்பட்டது. எனவே அத்தகைய கல்வியை நாடிய மாணவர்கள் வரலாறு, அரசியல், பன்னாட்டுச் சட்டம் ஆகிய பாடங்களிலிருந்தே அதனைத் திரட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

வகுப்பறைக்கு வெளியேயும் கூ முனைப்பாக இயங்கினார். பிலோலெக்சியன் என்ற இலக்கிய, சொற்போர்க் கழகத்தில் உறுப்பினராக இருந்தார். ஸ்பெக்டேட்டர் என்னும் மாணவர் நாளிதழுக்கு ஆசிரியராகவும் விளங்கினார். ஆங்கிலம் தாய்மொழியாக அல்லாத ஒரு வெளிநாட்டு மாணவர் அப்பொறுப்பை ஏற்றது அக்காலத்தில் அரிய நிகழ்வு. எதிர்த்தரப்பின் வாதத்தை முன்கூட்டியே கணித்துப் பேசும் பழக்கம் பாரிஸில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

கொலம்பியாவில் இவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஜான் பாசெட் மூர். அமெரிக்க வெளியுறவுத் துறையில் உயர்பதவி வகித்த அனுபவம் மிக்க சட்ட அறிஞர் அவர். நூலறிவுடன் அரசுகள் உண்மையில் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் அறிந்த ஒருவரிடம் பயிலும் வாய்ப்பு கூவுக்குக் கிட்டியது.

இளங்கலை, முதுகலைப் பட்டங்களைத் தொடர்ந்து முனைவர் பட்ட ஆய்வுக்குக் கூ தேர்ந்தெடுத்த பொருள், சீனாவில் வெளிநாட்டவரின் சட்டநிலை என்பதாகும். சிறுவனாக ஷாங்காய்த் தெருக்களில் கண்டதை ஒப்பந்த வாசகங்களின் வழியாக ஆராய்ந்தார் எனலாம். ஆய்வு முழுமையாக முடிவதற்குள், குடியரசுத் தலைவர் யுவான் ஷிக்காயின் ஆங்கிலச் செயலராகப் பணியாற்ற அழைப்பு வந்தது. தயக்கத்தில் இருந்த மாணவரை, எழுதி முடித்த பகுதிகளையே ஆய்வேடாகச் சமர்ப்பிக்குமாறு மூர் ஊக்குவித்தார். அது 1912 இல் நூலாக வெளிவந்தது.

பாரிஸ் மாநாடு

1915 இல் ஜப்பான் சீனாவிடம் இருபத்தொரு கோரிக்கைகளை முன்வைத்தபோது கூ வெளியுறவு அமைச்சகத்தில் பணியாற்றினார். அதே ஆண்டு, தமது 27 ஆவது வயதில், அமெரிக்காவுக்கான தூதராக நியமிக்கப்பட்டார்.

சாண்டோங்கில் செருமனி வைத்திருந்த குத்தகை நிலத்தையும் தொடருந்துப் பாதையையும் ஜப்பான் 1914 இல் கைப்பற்றியிருந்தது. போர் முடிந்ததும் அவ்வுரிமைகளைத் தனக்கே தரவேண்டும் என அது கோரியது. 1919 ஜனவரி 27 அன்று ஜப்பானின் சார்பில் மக்கினோ நொபுவாக்கி பேசினார். மறுநாள் கூ பதிலளித்தார். சுமார் 3 கோடியே 60 இலட்சம் மக்கள் வாழும் அம்மாகாணம் கன்பூசியஸ் பிறந்த மண் என்பதை நினைவூட்டினார். பின்னர் சட்டத்திற்கு வந்தார். செருமனி பெற்ற 1898 ஆம் ஆண்டுக் குத்தகை வன்முறையால் பெறப்பட்டது. 1917 இல் சீனா செருமனி மீது போர் அறிவித்ததால் அதுவும் செல்லாததாயிற்று. 1915 இல் இறுதி எச்சரிக்கை விடுத்துப் பெறப்பட்ட இசைவு சீனாவைக் கட்டுப்படுத்தாது. இவையே அவர் வாதத்தின் சாரம். உரையைக் கேட்ட அமெரிக்கத் தலைவர் வில்சனும் பிரித்தானியப் பிரதமர் லாயிட் ஜார்ஜும் அவரைப் பாராட்டினர்.

ஆயினும் முடிவு வேறாக அமைந்தது. பிரித்தானியாவும் பிரான்சும் 1917 இலேயே ஜப்பானுக்கு இரகசிய வாக்குறுதி அளித்திருந்தன. அதைவிட மோசமாக, கூவின் சொந்த அரசே 1918 செப்டம்பரில் சாண்டோங் தொடருந்துப் பாதைகள் குறித்து ஜப்பானுடன் மனமுவந்து இசைந்து கடிதம் மாற்றியிருந்தது. வற்புறுத்தலால் இசைந்தோம் என்னும் வாதத்தை இக்கடிதம் வலுவிழக்கச் செய்தது. ஏப்ரல் 30 அன்று சாண்டோங் உரிமைகள் ஜப்பானுக்கு வழங்கப்பட்டன. செய்தி எட்டியதும் பீக்கிங் மாணவர்கள் வீதியில் இறங்கினர். அதுவே மே நான்கு இயக்கம் எனப்படுகிறது.

பீக்கிங் அரசிடமிருந்து தெளிவான ஆணை வராத நிலையில், 1919 ஜூன் 28 அன்று சீனக் குழுவினர் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் விலகி நின்றனர். இது உணர்ச்சிவயப்பட்ட முடிவாகத் தோன்றினாலும், இதன் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. ஆஸ்திரியாவுடனான ஒப்பந்தத்தில் செப்டம்பர் மாதம் கையொப்பமிட்டதன் மூலம் சீனா உலக நாடுகள் சங்கத்தில் உறுப்பினரானது. சாண்டோங்கையும் விட்டுக்கொடுக்கவில்லை, சங்கத்தையும் இழக்கவில்லை.

1921-22 இல் நடைபெற்ற வாஷிங்டன் மாநாட்டில் சீனாவின் மூன்று பிரதிநிதிகளும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயின்றவர்கள். கூவைத் தவிர, ஆல்பிரட் சே கார்னெலிலும், வாங் சொங்ஹுய் யேலிலும் படித்தவர்கள். 1922 பிப்ரவரி 4 அன்று ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி சாண்டோங் சீனாவிடம் திரும்பியது. தொடருந்துப் பாதைக்குச் சீனா பணம் செலுத்த வேண்டியிருந்தது.

பிற்காலப் பணிகள்

1920களில் வெளியுறவு அமைச்சராகவும், 1926-27 இல் இடைக்கால அரசின் தலைவராகவும் இருந்தார். 1926 நவம்பரில் பெல்ஜியத்துடனான 1865 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைச் சீனா ஒருதலையாக முடிவுக்குக் கொண்டுவந்தது. பெல்ஜியம் ஹேக் நகரில் இருந்த நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. அப்போது அந்நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவர், கூவின் பழைய ஆசிரியரான மூர்! இரு நாடுகளும் புதிய உடன்பாட்டுக்கு வந்ததால் வழக்கு 1929 இல் கைவிடப்பட்டது.

போர்ப்பிரபுக்களின் அரசுகளில் பதவி வகித்தார் என்பது இவர் மீதான நீங்காத குறை. 1928 இல் தேசியவாத அரசு இவரைக் கைது செய்ய ஆணை பிறப்பித்தது. எனினும் சில ஆண்டுகளில் அதே அரசு இவரை மீண்டும் பணிக்கு அழைத்தது. பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் தூதராக இருந்தார்.

1943 ஜனவரி 11 அன்று அமெரிக்காவும் பிரித்தானியாவும் தூதரக நீதியதிகாரத்தைக் கைவிட்டன. ஹாங்காங்கை ஒட்டிய நிலப்பகுதியையும் திருப்பித் தரவேண்டும் என்று சியாங் கை-சேக் வற்புறுத்தியதால் பிரித்தானியாவுடனான உடன்பாடு முறியும் நிலையில் இருந்தது. அதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என அவரை இசையவைத்தவர்களுள் கூவும் ஒருவர். ஆய்வேடு வெளிவந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1957 முதல் 1967 வரை அனைத்துலக நீதிமன்றத்தில் நீதிபதியாகவும், இறுதி மூன்றாண்டுகள் அதன் துணைத்தலைவராகவும் இருந்தார். பிரே விகார் கோயில் கம்போடியாவுக்கே உரியது என 1962 இல் வழங்கப்பட்ட தீர்ப்பிலிருந்து மாறுபட்ட மூவருள் இவரும் ஒருவர்.

ஓய்வுக்குப் பின் நியூயார்க்கில் வாழ்ந்த கூ, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்திற்காகத் தமது நினைவுகளைப் பதிவு செய்தார். 11,000 பக்கங்களுக்கு மேல் நீண்ட அப்பதிவு 1976 இல் நிறைவுற்றது. 1948 டிசம்பரில் சீனப் பொதுவுடைமைக் கட்சி வெளியிட்ட போர்க்குற்றவாளிகள் பட்டியலில் கூவின் பெயரும் இடம்பெற்றிருந்தது. அதே கட்சியின் ஆட்சியில், அந்நினைவுக் குறிப்புகளின் சீன மொழிபெயர்ப்பு 1983 முதல் பீக்கிங்கில் 13 தொகுதிகளாக வெளியிடப்பட்டது. தொகுதிகள் முழுவதும் வெளிவருவதற்குள், 1985 இல் தமது 97 ஆவது வயதில் நியூயார்க்கில் காலமானார்.